பக்கத்து கம்பெனி சிக்னலும் எங்கள் 900 பேண்டும்: ஈரோட்டில் பட்ட பாடு

ஈரோடு கடைவீதிப் பக்கம் எங்கள் 4ஜி சைட் ஒன்றில் அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு வரும் சிக்னல்) பக்கம் நாய்ஸ், அதாவது இரைச்சல், ஏறி, மாதக்கணக்கில் உயிரை வாங்கியது. இப்போது சரியாகிவிட்டது, ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஆர்.எஃப்., அதாவது ரேடியோ சிக்னல் வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பின்னணி தெரிந்ததுதான். 800 பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) பக்கத்து கம்பெனியுடையது, அதன் டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்குப் போகும் சிக்னல்) 889 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. எங்கள் 900 பேண்டின் அப்லிங்க் 890-ல் தொடங்குகிறது. அவர்கள் ஸ்பீக்கர் கட்டிய இடத்தில் நாங்கள் காதை வைத்துக்கொண்டு நிற்கிறோம். அதே மொட்டைமாடியில், எங்கள் ஆன்டெனாவுக்கு நேரெதிரே, அதே உயரத்தில் அந்தக் கம்பெனியின் ஆன்டெனா ஏறிய வாரமே புகார்கள் வர ஆரம்பித்தன.

யாரிடமும் போவதற்கு முன் நம் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த கனெக்டர், துருப்பிடித்த கிளாம்ப் இருந்தாலும் பிம் (நம் டவுன்லிங்க் சிக்னல்களே கலந்து உண்டாக்கும் இரைச்சல்) வந்து நாய்ஸ் ஏறும். எதிர்த்தரப்பு முதல் மீட்டிங்கிலேயே அதைத்தான் எடுக்கும். நாங்கள் எங்கள் டவுன்லிங்க் லோடை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், நாய்ஸ் அசையவில்லை, அதனால் பிம் இல்லை. ஒரு ஆர்.பி.க்கு (4ஜி அலைவரிசையின் ஒரு சிறு துண்டு) நாய்ஸ் மைனஸ் 118 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, மைனஸ் எண் குறையக் குறைய வலிமை அதிகம்) பக்கம் இருக்க வேண்டியது, 890-ஐ ஒட்டிய முனையில் மைனஸ் 98. அலைவரிசையில் மேலே போகப் போக நாய்ஸ் சரிந்துகொண்டே வந்தது. அந்தச் சரிவைப் பார்த்தாலே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், எங்க பவர் லைசென்ஸுக்குள்ளதான் இருக்கு. உங்க ரிசீவர்தான் தாங்கல" என்றார் அவர்கள் பொறியாளர். பணம் யார் போடுவது என்பதே இதில்தான் இருக்கிறது. அவர்களுடைய முறையான சிக்னல் எங்கள் ரிசீவரைத் திணறடித்தால் ஃபில்டர் எங்கள் செலவு. அவர்கள் பேண்டைத் தாண்டிக் கசியும் கழிவு சிக்னல் எங்கள் பேண்டுக்குள்ளேயே விழுந்தால் அவர்கள் செலவு. வாய்ப்பேச்சில் இது தீராது. அதனால் 889-க்குக் கீழே உள்ள அவர்களுடைய முறையான சிக்னலை வெட்டும் கேவிட்டி ஃபில்டர் ஒன்றைக் கடன் வாங்கி எங்கள் ஆன்டெனா லைனில் மாட்டினோம். நாய்ஸ் இறங்கவே இல்லை! அதாவது அவர்கள் கழிவு எங்கள் பேண்டுக்குள்ளேயே விழுகிறது. அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அடுத்தது அவர்கள் சிக்னலை அணைத்துப் போட்டுப் பார்க்கும் இரவு நேர ஆஃப்-ஆன் டெஸ்ட். இரண்டு கம்பெனியும் சேர்ந்து வர வேண்டும். முதல் இரவு வீண். அவர்கள் ஆள் கொண்டுவந்த, மொட்டைமாடிக்கு ஏறுவதற்கான பர்மிட் பகல் நேரத்துக்கு மட்டும். வாட்ச்மேன் டார்ச் அடித்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "நைட்டுன்னு போடலீங்க சார், திறந்து விட்டா என் வேலை போயிருங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பர்மிட்டின் நகலை முந்தின நாளே வாங்கி, பெயர், நேரம் இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.

மறுமுறை ஏறியபோது அவர்கள் கண்ட்ரோல் ரூமிலிருந்து "லாக் பண்ணியாச்சு", அதாவது அணைத்தாயிற்று, என்று போன். எங்கள் அனலைசரில் (சிக்னல்களைத் திரையில் காட்டும் கருவி) அவர்கள் கேரியர், அதாவது சிக்னல், அப்படியே நிற்கிறது. வேறு செக்டரை, அதாவது வேறு திசை பார்க்கும் ஆன்டெனாவை, அணைத்திருக்கிறார்கள்! திரையைக் காட்டிய பிறகுதான் சரியான செக்டர் அணைந்தது. போன் பேச்சை நம்பவே நம்பாதீர்கள். இன்னொன்று, சைட்டில் நாய்ஸைப் பதிவுசெய்யும் கவுண்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும். ஐந்து நிமிடம் அணைத்தால் சராசரியில் கரைந்துபோகும். இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை என்று கேட்டு வாங்குங்கள். அணைந்ததும் மைனஸ் 117, போட்டதும் பழையபடி மைனஸ் 98. இரண்டு தரப்பும் அங்கேயே, மொட்டைமாடியிலேயே கையெழுத்துப் போட்டோம்.

அதன் பிறகும் "பட்ஜெட் இல்லை" என்று இழுத்தார்கள். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்ப வேண்டிய புகாரை நாங்கள் முழுதாகத் தயாரித்து, நகலை அவர்களுக்கு அனுப்பினோம். அலைவரிசை, அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், திசை, அனலைசர் படங்கள், கையெழுத்திட்ட குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. புகார் போவதற்கு முன்பே அவர்கள் ஃபில்டர் வந்து சேர்ந்துவிட்டது. கூடவே ஆன்டெனாவையும் எங்களுக்கு மேலே ஏற்றச் சொன்னோம். பக்கவாட்டில் தள்ளி வைப்பதைவிட மேல் கீழாக வைத்தால் ஐசொலேஷன் (ஒன்றின் சிக்னல் மற்றதில் விழாமல் பிரிந்திருப்பது) அதிகம்.

கடைவீதிப் புகார்கள் நின்றன. பேருந்து நிலையம் பக்கம் இதே சரிவோடு இன்னொரு சைட் இருக்கிறது. அதற்கும் அவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது, இந்தக் கையெழுத்துக் குறிப்பின் நகலோடு.