திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் அதற்கான மருந்துகளும்

2024 ஜனவரி 22, திங்கள்

நான்கு வயது மகளுக்கு நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை வந்து, ஐந்து நாள் வாட்டிவிட்டுத் தானாகவே விலகிக்கொண்டிருந்த காய்ச்சலுக்கு இன்று ஒரு பெயர் கிடைத்தது. காய்ச்சலோடு வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை சேர்ந்து வருவதால், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து இதைப் பிஎஃப்ஏபிஏ என்கிறார்கள். 1987இல் கேரி மார்ஷல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இது தனி நோயாக அறியப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. காய்ச்சல் இல்லாத நாட்களில் குழந்தை முழு நலத்துடன் இருக்கிறது. எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறுகின்றன. பத்து வயதை நெருங்குவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு விட்டுவிடுகிறது.

இந்த முடிவுக்கு வருவதற்கு முன் மருத்துவர் டெங்கு, மலேரியா, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று, காசநோய் ஆகிய ஒவ்வொன்றையும் பரிசோதித்து விலக்கினார். நம் ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும் என்பதால், அந்த நிதானத்துக்கு நான் நன்றி உடையவளாக இருக்கிறேன். காய்ச்சலின்போது ஏறியிருந்த, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு, காய்ச்சல் விட்ட பிறகு எடுத்தபோது இயல்புக்குத் திரும்பியிருந்தது. 21 நாட்களுக்கு ஒருமுறை நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் சரிந்து, ஏறத்தாழ இதே போன்ற வாய்ப்புண்ணையும் காய்ச்சலையும் தரும் வேறொரு நோயும் உண்டு என்பதால், ஆறு வாரங்களுக்கு வாரம் இருமுறை ரத்த அணுக்களை எண்ணச் சொல்லியிருந்தார். அந்த எண்ணிக்கை ஒருமுறையும் குறையவில்லை. அந்த நோயாக இருந்திருந்தால் மருந்தே வேறு.

2024 பிப்ரவரி 5, திங்கள்

இதுவரை தொண்டை சிவந்திருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டு வந்தது. நான்காம் அல்லது ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நம்புவோம். உண்மையில் இந்தக் காய்ச்சலுக்குக் கிருமி காரணமில்லை. உடலின் பிறவி எதிர்ப்பாற்றல் ஏதோ ஒரு தூண்டுதலில் தானாகவே விழித்து, இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுவதால்தான் காய்ச்சல் ஏறுகிறது என்பதால், ஆன்டிபயாடிக் இதைத் தடுப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

அடுத்த காய்ச்சல் வருவதற்குள் எளிய மருந்துகளைப் பற்றித் தெளிவு வேண்டும் என்று மருத்துவரிடம் விரிவாகக் கேட்டேன். ஒரு வேளைக்கு, உடல் எடையில் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கலாம். வெப்பத்தையும் வலியையும் சில மணி நேரம் தணிக்குமே தவிர, ஐந்து நாள் காய்ச்சலை மூன்று நாளாக்காது. நோய் தீங்கற்றது என்பதால், பல குடும்பங்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டு குழந்தை வளர்ந்து தானே விடுபடும்வரை காத்திருப்பதும் ஒரு முறையான சிகிச்சைதான் என்று அவர் அழுத்திச் சொன்னார். டெங்கு பரவும் மாதங்களில், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபனைத் தொடவே கூடாது. ரே நோய்க்கூட்டு என்ற ஆபத்தான கல்லீரல், மூளைப் பாதிப்போடு தொடர்புடையது என்பதால் ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமெசுலைடு கொடுப்பதை 2011இலேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் எங்காவது இருந்தால் எறிந்துவிட வேண்டும்.

2024 பிப்ரவரி 17, சனி

நேற்று மாலை காய்ச்சல் தொடங்கியது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை; கீழுதட்டின் உட்புறத்தில் இரண்டு புண்கள், கழுத்தின் இரு பக்கமும் நெறி. தொலைபேசியில் இவற்றை விவரித்த பிறகே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்க மருத்துவர் அனுமதித்தார். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில், 14 கிலோ எடையுள்ள மகளுக்கு 14 மில்லிகிராம், ஒரே வேளை.

ஏழு மணிக்குக் கொடுத்தோம். நள்ளிரவுக்குள் வியர்த்து, காலையில் உடல் குளிர்ந்திருந்தது. இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். வாய்ப்புண் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஆற இன்னும் சில நாட்கள் ஆகுமாம்.

சில மணி நேரத்தில் காய்ச்சல் இப்படி அறுந்துபோவதே நோய் இதுதான் என்பதற்கு ஓர் ஆதரவான அடையாளம் என்கிறார்கள். ஆனால் நோயை உறுதி செய்துகொள்ளாமல் யாரும் இதை முயன்று பார்க்கக் கூடாது, ஏனெனில் மறைந்திருக்கும் தொற்றையும், அரிதாக ரத்தப் புற்றுநோயையும்கூட ஸ்டீராய்டு தற்காலிகமாக மூடி மறைத்துக் கண்டுபிடிப்பைத் தாமதப்படுத்திவிடக்கூடும். இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். கடைகளில் இந்தச் சிரப் 5 மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் கொண்டதாகவும் 15 மில்லிகிராம் கொண்டதாகவும் இரு அடர்த்திகளில் கிடைக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வேறு பாட்டிலை வாங்கினால் அளவு மூன்று மடங்காகிவிடும். எங்கள் மருந்துச் சீட்டில் மில்லிகிராமையும் பாட்டிலின் அடர்த்தியையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

2024 மார்ச் 9, சனி

மூன்று வாரத்திலேயே காய்ச்சல் திரும்பிவிட்டது. மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்ததுதான். பிரட்னிசோலோன் வந்த காய்ச்சலை நிறுத்துமே தவிர அடுத்ததைத் தடுப்பதில்லை. அதோடு, ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு, சில ஆய்வுகளில் பாதிப்பேர்வரை, காய்ச்சல்களுக்கு இடைப்பட்ட காலத்தைச் சுருக்கிவிடுகிறது. இடைவெளி மேலும் சுருங்கினால் தடுப்பு மருந்தை யோசிக்கலாம் என்றார். எப்போதாவது ஒரு வேளை கொடுக்கும் ஸ்டீராய்டு எலும்பையோ வளர்ச்சியையோ பாதிப்பதாக அறியப்படவில்லை என்றாலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க நேர்ந்தால் அந்த ஆறுதல் பொருந்தாது. மருந்து கொடுத்த இரவில் மகள் உறங்காமல் எரிச்சலோடு புரண்டாள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

2024 மார்ச் 27, புதன்

தடுப்பு மருந்துக்குப் போகும் முன், இது மரபணுவால் வரும் காய்ச்சல் நோய்களில் ஒன்றல்ல என்பதைக் குழந்தைகளுக்கான முடக்குவாதச் சிறப்பு மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள அனுப்பப்பட்டோம். காய்ச்சலோடு கடும் வயிற்றுவலியோ நெஞ்சுவலியோ வருகிறதா, மூட்டு வீங்குகிறதா, தோல் தடிக்கிறதா, கண்ணைச் சுற்றி வீக்கம் உண்டா, தடுப்பூசி போட்டவுடன் காய்ச்சல் கிளம்பியதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்ததா என்று அவர் நெடுநேரம் கேட்டார். எங்கள் பதில் எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே.

அந்தக் கேள்விகளின் காரணம் பிறகு விளங்கியது. துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரேபியர் ஆகியோரிடையே மிகுதியாகக் காணப்படும் குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலில், காய்ச்சல் இல்லாத நாட்களிலும் அழற்சி உள்ளூர நீடித்து, அமிலாய்டு என்ற புரதம் படிந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது மட்டும் மருந்து கொடுப்பது போதாது. ஒவ்வொரு நாளும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், கோல்சிசின் என்ற மருந்து வேண்டும். 1972இல் ஸ்டீவன் கோல்ட்ஃபிங்கர் அதன் பயனை முதலில் எடுத்துரைத்த பிறகு, ஒரு தலைமுறையே சிறுநீரகச் செயலிழப்பிலிருந்து தப்பியது. கோல்சிசினுக்குக் கட்டுப்படாதவர்களுக்கும், டிராப்ஸ், மெவலோனேட் கைனேஸ் குறைபாடு, கேப்ஸ் போன்ற மற்ற மரபணுக் காய்ச்சல் நோய்களுக்கும் இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் ஊசிகள் உள்ளன. அனாகின்ராவை நாள்தோறும் போட வேண்டும். கனாகினுமாபை நோயைப் பொறுத்து நான்கு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். இந்நோய்களில் மூன்றுக்குக் கனாகினுமாபை 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. நடுத்தரக் குடும்பம் தாங்க முடியாத விலை; இருந்தாலும் செவித்திறனையும் சிறுநீரகத்தையும் காக்கும் மருந்து என்பதால், தேவைப்படும் குழந்தைக்கு அரசு உதவியோடு அது கிடைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். என் மகளுக்கு அது தேவையில்லை; தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் கோல்சிசினைத்தான் தரப்போகிறார்கள்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாளுக்காக மூலனூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறோம். கம்பிப் பந்தல்களில் அவர் பல ஆண்டுகளாகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது; அதன் விதையிலிருந்து கோல்சிசின் பிரித்தெடுக்கப்படுகிறது. “உன் மகளுக்குத் தரப்போகும் மருந்து நம் தோட்டத்திலேயே விளைகிறது, அம்மா” என்று பெரியப்பா பெருமையோடு சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஓர் எச்சரிக்கையையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு ஆபத்தாகிவிடும். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கிழங்கை உண்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மருந்தாகப் பயன்படும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. எளிதில் கிடைக்கும் நச்சுமுறி மருந்தும் இல்லை, டயாலிசிஸ் செய்தும் அதை வெளியேற்ற முடியாது. இந்நோய்க்குக் கிழங்கை அரைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

2024 ஏப்ரல் 30, செவ்வாய்

இந்த மாதம் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை காய்ச்சல் வந்ததால், இன்று கோல்சிசின் தொடங்கினோம். 0.5 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, இரவு உணவுக்குப் பின். இம்மருந்து வெள்ளையணுக்களின் நகர்வைக் கட்டுப்படுத்துகிறது. பிஎஃப்ஏபிஏயில் காய்ச்சலை முற்றிலும் ஒழிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, இடைவெளியை நீட்டினாலே வெற்றி என்று மருத்துவர் சொன்னார். சிமெடிடின் என்ற பழைய வயிற்றுப்புண் மருந்தையும் சிலர் தடுப்பாகத் தருகிறார்கள்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கே பயன் என்பதால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளைக் கோல்சிசினோடு சேர்த்துக் கொடுத்தால், கோல்சிசின் உடலை விட்டு வெளியேறாமல் தேங்கி நஞ்சாகிவிடும். தொண்டை வலிக்கு எளிதில் எழுதித் தரப்படும் மருந்துகள் என்பதால், அவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதி மகளின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மாத்திரைப் பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

2024 ஜூலை 3, புதன்

முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது. பாலைக் குறைத்ததும் அடங்கியது. ரத்த அணுக்களும் கல்லீரல் பரிசோதனையும் இயல்பாக உள்ளன. மே நடுவில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் விட்டது, பிரட்னிசோலோன் தேவைப்படவில்லை. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்தோம், ஏனெனில் டான்சிலை அகற்றுவது ஒன்றே பல குழந்தைகளுக்கு இந்நோயை முடித்துவைக்கிறது. பின்லாந்தில் 26 குழந்தைகளிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 14 பேருமே ஆறு மாதத்துக்குப் பின் காய்ச்சலின்றி இருந்தார்கள். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மறுபக்கத்து எண்: அறுவை சிகிச்சை செய்யாத 12 பேரில் 6 பேரும் அதே காலத்தில் தாமாகவே நலமடைந்திருந்தார்கள். இத்தாலியில் 39 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் அறுவை சிகிச்சையின் பக்கம் வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. மயக்க மருந்தும், அரிதாக நேரும் ரத்தப்போக்கும், பத்து நாள் வலியும் மறுபக்கத்தில் நிற்கின்றன. மாதந்தோறும் பள்ளியையும் உறக்கத்தையும் இழக்கும் குழந்தைக்கு நான் தயங்காமல் அறுவை சிகிச்சையைச் சொல்வேன். மருந்துக்கு இடைவெளி நீள்கிற குழந்தைக்கு, இப்போதைக்கு, காத்திருப்பதே சரி என்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

2024 செப்டம்பர் 12, வியாழன்

கடந்த வாரம் மீண்டும் காய்ச்சல் வந்து நான்கு நாள் நீடித்தது. மகளின் எடை 15 கிலோவைத் தாண்டிவிட்டதாலும் வயிறு மருந்தைத் தாங்கிக்கொண்டதாலும் கோல்சிசினை நாளுக்கு 0.5 மில்லிகிராமாக உயர்த்தியிருக்கிறார்கள். பிரட்னிசோலோன் அளவையும் புதிய எடைக்கேற்ப 15 மில்லிகிராம் என்று மாற்றி எழுதி வாங்கிக்கொண்டேன். டிசம்பர்வரை இப்படியே தொடர்வோம். அதற்குள் இடைவெளி மறுபடியும் நான்கு வாரத்துக்குக் கீழே இறங்கினால், அரையாண்டு விடுமுறையில் டான்சில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது என்று இரு மருத்துவர்களோடும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த ரத்தப் பரிசோதனை அக்டோபர் இறுதியில்.