நான்கு விரல் இடைவெளி

மார்ச் 3
கவசம் பூட்டிச் சண்டையிடும் விளையாட்டில் பிடரியில் அடிபட்டதிலிருந்து கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் இடப்பக்கமாகவே நிற்கிறார்கள்.

மார்ச் 4
அவென்டெய்லை, தலைக்கவசத்திலிருந்து கழுத்தை மூடித் தொங்கும் சங்கிலி வலையை, கழற்றித் தரையில் விரித்துப் பார்த்தேன். ஒரு வளையம்கூட விடவில்லை. ஒவ்வொன்றும் தறைந்து மூடியது. ஆனால் சங்கிலி வெட்டைத்தான் தடுக்கும். அடியை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டிய பஞ்சு, வியர்வையில் ஊறியும் காய்ந்தும் அட்டையாகிக் கிடக்கிறது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான்தான்.

பிடரியில் அடிக்கக் கூடாது, குத்தக் கூடாது. விதி எல்லாருக்கும் தெரியும். கோடரியால் அடித்தவனும் பிடரியைக் குறிவைக்கவில்லை. ஓங்கியபோது அங்கே என் தோள் இருந்தது. இன்னொருவன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான், நான் குனிந்தேன். கோடரி பாதி வழியில் நிற்குமா?

மார்ச் 6
தூக்கம் இல்லை.

மார்ச் 9
எலும்பு முறியவில்லை. படத்தில் ஏழு முள்ளெலும்புகளையும் நானே ஒருமுறை எண்ணிக்கொண்டேன். என்ன விளையாட்டு என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 10
மறுபடி அந்தப் புகைப்படம். சுவீடனின் கோத்லாந்துத் தீவில் விஸ்பி போர், 1361. புதைகுழியில் மண்டையோடு, இன்னும் சங்கிலித் தலையுறைக்குள். பார்க்கக் கூடாது என்று நேற்றுதான் முடிவு செய்தேன்.

மார்ச் 15
புதிய கழுத்துத் தகட்டுக்கு மாதிரி வெட்ட அண்ணன் அட்டையும் கத்தரிக்கோலுமாக வந்தார். "நிமிர்ந்து நின்று அளந்தால் எல்லாருக்கும்தான் பொருந்தும். விழப்போகிறவன் மாதிரிக் குனி" என்றார். குனிந்தேன். தலைக்கவசத்தின் பின்விளிம்பு மேலே ஏறியது. அதற்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவே அவருடைய நான்கு விரல்கள் நுழைந்தன. இத்தனை காலமும் அந்தத் திறப்போடுதான் களத்தில் இறங்கியிருக்கிறேன்.

மாதிரியை உயர்த்தி வெட்டினால் வேறு சங்கடம். மேலிருந்து அடி விழும்போது தலைக்கவசம் கழுத்துத் தகட்டில் மோதும், தாடை இடிபடும். தாழ்த்தினால் பழைய கதை. தகடு கழுத்தில் தொங்காமல் தோளில் உட்கார வேண்டும், அதுதான் எல்லாம் என்கிறார். நாலு அட்டை வீணானது. ஐந்தாவது பரவாயில்லை.

மார்ச் 16
பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு, 1.5 மில்லிமீட்டர். சாதா எஃகு என்றால் 2 வேண்டும், கனம். என் தலைக்கவசம், பேசினெட், 14ஆம் நூற்றாண்டுப் பாணி. பிற்காலத்துக் கழுத்துத் தகடான கார்ஜெட் வெளியே தெரிந்தால் கவசச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். எனவே சங்கிலிக்கு அடியில் ஒளித்துத்தான் போட வேண்டும். கழுத்தை விடக் காலப்பொருத்தம் பெரிதா என்று அண்ணனிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 29
கொல்லரிடமிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 2
பதில் இல்லை.

ஏப்ரல் 11
அன்று கோடரியால் அடித்தவன் வந்திருந்தான். புதுப் பஞ்சு உறை ஒன்றை மேசையில் வைத்தான். கோடரியைப் பற்றி இருவரும் பேசவில்லை. போகும்போது என் வலப்பக்கம் வந்து நின்று விடைபெற்றான்.

ஏப்ரல் 27
கொல்லரிடமிருந்து தகடு பெட்டியில் வந்துவிட்டது. அணிந்தேன், வாரை இறுக்கினேன், ஆழக் குனிந்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய் விரலை விட்டேன். இரும்பு. இன்னும் சற்று உள்ளே. அங்கேயும் இரும்பு. குனிந்த நிலையிலேயே வெகுநேரம் நின்றேன்.

ஏப்ரல் 28
ஐவர் அணிக்குப் பெயர் கேட்கிறார்கள். இடப்பக்கம் இன்னும் பாதிதான் திரும்புகிறது.