கேட்டைப் பார்த்தே குரைக்கும் நாய்க்கு

"யார்டு இவ்வளவு பெரிசா இருக்கே, அதுக்குள்ளேயே ஓடட்டுமே. நடைக்கு வேற கூட்டிப் போகணுமா?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. தனியாக விடப்பட்ட நாய் யார்டில் ஓடுவதில்லை. காலையில் ஒரு சுற்று மோந்து பார்க்கும், பிறகு கேட்டோரம் போய்ப் படுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், குரைக்கும், அவர்கள் போய்விடுவார்கள். டாக்ஸி ஹார்ன் அடிக்கும், குரைக்கும், டாக்ஸியும் போய்விடும். நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் எல்லாரும் போனார்கள். நாள் முழுக்க ஜெயித்துக்கொண்டே இருக்கும் நாயை உள்ளிருந்து கத்தி நிறுத்த முடியாது. நம் கத்தல் அதன் பதற்றத்தைத்தான் கூட்டும்.

முதல் வேலை, தெருவை மறைப்பது. கம்பி வேலியாக இருந்தால் நாயின் கண்மட்டத்துக்கு மேல் ஓரடி வரை ஷேட் நெட் கட்டுங்கள். தெரு சுறுசுறுப்பாக இருக்கும் நேரங்களில், அதாவது பள்ளி விடும்போதும் மாலையில் வேலை முடிந்து ஆட்கள் திரும்பும்போதும், நாய் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கட்டும். இடையில் ஒரு சின்ன கேட் போட்டால் போதும். "அப்புறம் காவல் யார் பார்ப்பது?" என்பார்கள். போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. எப்போதாவது குரைக்கும் நாய்க்குத்தான் விளக்கு எரியும்.

அடுத்தது நடை. டர்பன் கோடையில் வெயில் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொசுங்கும். நடை என்றால் வேகமாக இழுத்துக்கொண்டு போவதல்ல. வேலியோரம், மரத்தடி என்று நின்று நின்று மோந்து பார்க்க விட வேண்டும். மூக்கு வேலை செய்த நாய் வீட்டுக்கு வந்ததும் தூங்கும். இழுக்கும் நாய்க்கு இரண்டு மீட்டர் வாரும் நெஞ்சுப் பட்டையும் போதும். கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டாம். வார் விறைத்தால் நில்லுங்கள். தளர்ந்ததும் உங்கள் முழங்கால் பக்கத்தில் ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்து நடையைத் தொடருங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். ஒருநாள் விட்டுக்கொடுத்து இழுத்த பக்கம் போனால், இழுத்தால் பலன் உண்டு என்பதை நாய் இன்னும் உறுதியாகக் கற்றுக்கொள்ளும். தின்பண்டம் பட்டாணி அளவில் இருக்கட்டும், சரியாகச் செய்த ஒரு நொடிக்குள் வாய்க்குப் போய்ச் சேரட்டும். பையில் துழாவி எடுப்பதற்குள் நாய் வேறு எதையோ செய்துவிடும், பரிசும் அதற்கே போய்ச் சேரும். ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது.

உணவைத் தட்டில் கொட்டினால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே உணவை ஒரு பழைய டவலில் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் கால் மணி நேர வேலை. மஃபின் தட்டின் குழிகளில் போட்டு மேலே டென்னிஸ் பந்துகளை வைத்தாலும் சரி. புல்லில் தூவச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். இங்கே நான் அதைச் சொல்ல மாட்டேன், காரணம் கடைசியில் வருகிறது.

புரட்டாசி இந்த ஊர் நாய்களுக்கு ஒரு சோதனை மாதம். அதுவரை கறிச்சோறும் எலும்பும் தின்ற நாய்க்கு, வீட்டில் விரதம் தொடங்கியதும் ஒரே நாளில் பருப்புச் சோறு. வயிறு கலங்கும், பசி அடங்காது, குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். அதைக் குறும்பு என்று அடிப்பார்கள். எந்த உணவு மாற்றமும் ஏழு நாளில் நடக்க வேண்டும்: முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். வீட்டில் கறி புழங்காத மாதம் என்றால் பாக்கெட்டில் வரும் முழுமையான உலர் உணவு போதும், பின் ஸ்டூப்பில், அதாவது பின்பக்கத் திண்ணையில், வைத்துக் கொடுக்கலாம். சாம்பாரும் பீன்ஸ் கறியும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. விரதம் முடிந்து பிராய் போடும் (நெருப்பில் கறி சுடும்) நாளில் வெந்த எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், மக்கடேமியா, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த சூயிங்கம், சைலிட்டால் கலந்த பீனட் பட்டர் எல்லாமே விஷம்.

அதே புரட்டாசியில் வெடிச் சத்தப் பயிற்சியையும் தொடங்கிவிட வேண்டும். தீபாவளி, நவம்பர் 5 கை ஃபாக்ஸ் வெடி இரவு, டிசம்பர் 31 என்று அடுத்தடுத்து வருகிறது. வெடிச் சத்தப் பதிவு ஒன்றைப் போனில் போடுங்கள். நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தின்பதைத் தொடரும் அளவுக்குச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். சத்தம் முதலில், நல்ல தின்பண்டம் அடுத்த நொடி. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சத்தத்தைச் சற்றே கூட்டலாம். தின்பதை நிறுத்தினால் கூட்டியது அதிகம், முந்தைய அளவுக்கே இறங்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான், அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முழுச் சத்தத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தீபாவளி அன்று இருட்டுவதற்கு முன் நடையும் சாப்பாடும் முடிந்திருக்கட்டும். ஜன்னல் மூடிய உள் அறை, திரை, ஓடும் டிவி, கழுத்தில் போன் எண் பொறித்த தகடு, உடலில் மைக்ரோசிப். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு. அணைத்துக்கொள்ளலாம். நடுங்கி, எச்சில் வடிந்து, கதவைப் பிறாண்டும் நாய்க்கு மருந்து வேண்டும். இரண்டு மூன்று வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்து, ஒரு சாதாரண நாளில் ஒரு வேளை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மாத்திரை மட்டும் கொடுத்தால் உடம்பு சாய்ந்துவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

நடத்தை திடீரென மாறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடம்பைப் பாருங்கள். இங்கே கோடையில் முதல் சந்தேகம் பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் பபேசியா ரோசி என்ற கிருமி சிவப்பணுக்களை அழிக்கும், உலகில் நாயைத் தாக்கும் பபேசியாக்களில் மிகக் கொடியது அதுதான். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் நாய் இருக்காது. தினமும் காது, விரலிடுக்கு, அக்குள், வால் அடி தடவிப் பாருங்கள். உண்ணி மாத்திரைகளில் சிலவற்றை மாதத்துக்கு ஒருமுறை, வேறு சிலவற்றைப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், பெட்டியில் எழுதியிருக்கும் தேதி தவறக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்து பூனையைக் கொல்லும் என்பது பூனையும் வளர்ப்பவர்களுக்கு நினைவிருக்கட்டும். தின்றதைத் திரும்பத் திரும்பக் கக்கி மெலியும் நாய்க்கு ஸ்பைரோசெர்கா புழு இருக்கலாம். சாணி வண்டைத் தின்று வரும், டர்பனில் அதிகம். மலத்தை அன்றாடம் அள்ளினால் வண்டு குறையும்.

டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் ஓயவில்லை. மூன்று மாத வயதில் முதல் ஊசி, குறைந்தது முப்பது நாள் கழித்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சட்டமும் அப்படித்தான். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே கிளினிக்.

இப்போது புல்லில் தூவ வேண்டாம் என்றதன் காரணம். திருட வருகிறவர்கள் 'டூ ஸ்டெப்' என்று தெருவில் சொல்லப்படும் ஆல்டிகார்ப் விஷத்தின் கருங்குருணையைக் கறியில் வைத்து மதில் மேலாக வீசுவது இங்கே தெரிந்த கதை. தரையில் கிடப்பதெல்லாம் உணவு என்று நாம் பழக்கிவிடக் கூடாது. மாறாக "விடு" பழக்குங்கள். மூடிய கைக்குள் தின்பண்டம், நாய் நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கள். மூக்கைப் பின்னிழுத்த கணம் மற்றக் கையிலிருந்து அதைவிட நல்லதைக் கொடுங்கள். கையில் பழகியதும் தரையில் காலடிக்குக் கீழ், பிறகு வாரோடு அதைக் கடந்து நடப்பது, கடைசியில் நாய்க்குத் தெரியாத நண்பர் ஒருவர் கேட்டுக்கு வெளியிலிருந்து கறித்துண்டு வீசுவது. தரையில் கிடந்ததையே எடுத்துப் பரிசாகக் கொடுத்துவிட்டால் முழுப் பயிற்சியும் கெட்டது.

இதை முழுதாக நம்பி இரவில் வெளியே விடாதீர்கள். பசித்த நாய் தனியாக இருக்கும்போது "விடு" சொல்ல ஆளில்லை. எச்சில் ஒழுகி, தசை துடித்து, கால் தடுமாறினால் உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்துகொண்டே காரை எடுங்கள். ராத்திரி நாயின் படுக்கை சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் இருக்கட்டும். அங்கிருந்தும் அதற்கு மதில் சத்தம் கேட்கும், வீசிய கறி மட்டும் எட்டாது.