அட்மிரல் ஹிப்பர்: கொதிகலன் அறையிலிருந்து பார்த்தால்

29 ஏப்ரல் 1939
ஹாம்பர்க்கில் புளோம் உண்ட் ஃபோஸ் நிறுவனம் கட்டிய ஜெர்மன் கனரகக் குரூசர் (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்) அட்மிரல் ஹிப்பர் சேவைக்கு வந்தது. எட்டு 20.3 செ.மீ. பீரங்கிகள், 32 நாட் (மணிக்கு 32 கடல்மைல்) வேகத்துக்கு 12 கொதிகலன், 3 டர்பைன் தொகுதி. உயர் அழுத்த நீராவி என்பதால் இயந்திரத்தின் எடையும் இடமும் மிச்சம். ஆனால் பராமரிப்பு வேலை ஓயாது, எண்ணெயும் நிறையக் குடிக்கும். வணிகக் கப்பல்களை வேட்டையாட வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டிய கப்பலுக்கா இது!

8 ஏப்ரல் 1940
நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்முக்குப் படை ஏற்றிப் போகும் வழியில் பிரிட்டிஷ் நாசகாரி (சிறிய, வேகமான போர்க்கப்பல்) குளோவார்ம். குண்டடி பட்ட அது புகைத்திரையிலிருந்து வெளிப்பட்டு ஹிப்பரின் வலப்பக்கத்தில் மோதியது. பக்கத்தகடு சுமார் 40 மீட்டருக்குப் பிய்ந்தது. 500 டன் தண்ணீர் உள்ளே. குளோவார்ம் மூழ்கியதும் ஹிப்பரின் கேப்டன் ஹைய அங்கேயே நின்று, தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டார்.

25 டிசம்பர் 1940
முந்தின மாலை ரேடாரில் சிக்கிய பிரிட்டிஷ் கான்வாயை (ஒன்றாகப் போகும் கப்பல் கூட்டம்) விடியலில் நெருங்கினால், காவலுக்கு நிற்பது பெர்விக் என்ற பிரிட்டிஷ் கனரகக் குரூசர். துருப்புகள் போகும் கான்வாய், காவல் பலமாகத்தானே இருக்கும்? பெர்விக்கை அடித்துவிட்டு விலகியது. வலப்பக்க இயந்திரம் மக்கர், எண்ணெயும் குறைவு. 27ஆம் தேதி பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகம்.

12 பிப்ரவரி 1941
வாய்த்த ஒரே நல்ல வேட்டை. எஸ்எல்எஸ் 64 கான்வாய்: 19 கப்பல், காவலே இல்லை. ஏழு மூழ்கின. மூன்றே நாளில் மறுபடி பிரெஸ்ட்.

31 டிசம்பர் 1942
பேரன்ட்ஸ் கடல், ஆர்க்டிக் இருட்டு. 14 கப்பல் கொண்ட ஜேடபிள்யூ 51பி கான்வாயை வடக்கிலிருந்து ஹிப்பரும் தெற்கிலிருந்து இன்னொரு ஜெர்மன் போர்க்கப்பல் லூட்ஸோவும் இடுக்க வேண்டும் என்பது திட்டம். சம பலமுள்ள எதிரியோடு மோதாதே என்ற உத்தரவு கையைக் கட்டிப்போட்டது. பிரிட்டிஷ் நாசகாரி அகேட்ஸை ஹிப்பர் வீழ்த்தியது. அதற்குள் பிரிட்டிஷ் குரூசர்கள் ஷெஃபீல்டும் ஜமைக்காவும் வந்துவிட்டன. ஹிப்பர்மீது மூன்று குண்டு பட்டது. ஹிப்பர் சாய்ந்து திரும்பிய வேளையில் ஒன்று கவசப் பட்டைக்குக் கீழே துளைத்தது: மூன்றாம் கொதிகலன் அறையில் வெள்ளம், வேகம் 23 நாட்டுக்கு இறங்கியது. ஷெஃபீல்டை ஹிப்பர் என்று எண்ணி அருகே போன ஜெர்மன் நாசகாரி ஃப்ரீட்ரிஷ் எக்கோல்ட் முழுப் படையினருடன் மூழ்கியது. இந்தத் தோல்விக்குப் பின் பெரிய கப்பல்களை உடைத்துப் போடச் சொன்னார் ஹிட்லர். கடற்படைத் தளபதி ரெய்டர் விலகினார்.

28 பிப்ரவரி 1943
சேவையிலிருந்து நீக்கம். பின்னாளில் பால்டிக்கில் பயிற்சிக்காக மீண்டும் எடுத்தார்கள். போருக்கு முழுத் தகுதி திரும்பவேயில்லை.

30 ஜனவரி 1945
கோட்டன்ஹாஃபனிலிருந்து (இன்றைய போலந்தின் க்டினியா) சுமார் 1,500 பேருடன் கீல் நோக்கி. வழியில் அகதிகளை ஏற்றிச் சென்ற வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கி அபாயம், ஹிப்பர் தங்காமல் போனது, கூட வந்த டி36 என்ற டார்பிடோ படகு மீட்பில் இறங்கியது.

3 மே 1945
கீல் உலர்துறையில், ஏப்ரல் விமானக் குண்டுகளில் சிதைந்த நிலையில், சொந்தப் படையினரே வெடிவைத்தார்கள். பிறகு ஹைகென்டார்ஃப் விரிகுடாவுக்கு இழுத்துப் போய்ப் பழைய இரும்பாக உடைத்தார்கள்.