வடசேரி நகைப் பட்டறையில் நிழல் கனத்த போர்ட்ரெய்ட்

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிகள் இன்ஸ்டாகிராமுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் படம் கேட்கும்போது, நிழல் கனத்த 'மூட்' போர்ட்ரெய்ட்தான் பெரும்பாலும் மனதில் இருக்கும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் மூட் வந்துவிடும் என்று போனால் கிடைப்பது வெறும் இருட்டுப் படம். வெளிச்சம் எங்கே விழக்கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நகைக்காரருக்குக் கண், கை, கல் மூன்றும் தெரிந்தே ஆகவேண்டும். மற்றதெல்லாம் நிழலுக்குள் போகலாம்.

முன்னதாக ஒரு நாள், படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். ஜன்னல் எந்தத் திசை, வெயில் எப்போது நேராக விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. ஒரு எல்இடி லைட்டும் அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸும் கூடவே இருக்கட்டும். ஜன்னல் இருக்கும் பக்கத்திலேயே அதை வையுங்கள்.

சின்ன அறையில் படம் தட்டையாகப் போவதற்கு முதல் காரணம் வெள்ளையடித்த சுவர். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பிவிடும். கறுப்பு அடித்த 4 அடி தெர்மாகோல் ஒன்றை அந்தக் கன்னத்திலிருந்து 2 அடிக்குள், ஃபிரேமுக்கு வெளியே நிறுத்துங்கள். கன்னம் உடனே இருளும். ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனே நல்லது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கன்னம் பச்சையடிக்கும்.

ஃபுல்ஃபிரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை, எடிட்டிங்குக்கு இடம் தரும் ரா (RAW) ஃபைல். 85 எம்எம்முக்குப் பின்னால் நகர இடம் இருக்காது. அவர் தரையில் இருந்து வேலை செய்கிறவர் என்றால் நீங்களும் தரையில் இருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும், கண் தெரியாது.

அதிகம் சோதிப்பது கல்தான். இந்த நகைகளில் கல்லின் பின்புறம் மூடியிருக்கும். முன்பக்கம் நுழைந்த வெளிச்சம்தான் அடியில் பட்டுத் திரும்பி வரவேண்டும். எதிரே கறுப்புத் தெர்மாகோல் நிற்கும்போது சிவப்புக் கல் கரித்துண்டாகத் தெரிவது அதனால்தான். ஏ4 அளவு வெள்ளை அட்டையை நகைக்குக் கீழே, ஃபிரேமுக்குச் சற்று வெளியே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கல் சட்டென்று சிவக்கும். அட்டையை இன்னும் கிட்டே கொண்டுபோனால் கல்லின் மேல்பரப்பில் வெள்ளை படர்ந்து நிறம் வெளிறிவிடும். எஃப் 2.8-ல் கண் கூர்மையாக இருந்தால் கை மங்கும். ஆகவே நகையைக் கண் இருக்கும் தூரத்துக்கே உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது கைக்குத் தனியாக எஃப் 5.6-ல் ஒரு படம் எடுங்கள்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். முகத்தைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். அரக்கு நிறமோ கரும்பச்சையோ போதும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் நெற்றி பளபளக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பவுடர் போட்டால் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலாகிவிடும். அவருடைய நிறத்தை வெளுக்க வைக்கும் வேலையை எடிட்டிங்கிலும் செய்யக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

"கேமராவைப் பாருங்க" என்றால் தோள் இறுகிவிடும். "அண்ணே, நீங்க வேலையப் பாருங்க, நாங்க ஓரமா இருந்துகிடுதோம்" என்று விட்டுவிடுங்கள். சாமணத்தால் கல்லை எடுத்துக் குழியில் வைக்கும் அந்த நொடியில் மூச்சு நிற்கும், முகம் தானாக அமைதியாகும். மேசைமேல் இருக்கும் நகை இன்னொருவர் ஆர்டராக இருக்கலாம். அவர் சம்மதம் கேட்காமல் ஃபிரேமுக்குள் கொண்டுவராதீர்கள்.

வெப்சைட் பேனருக்கு ஒரு பக்கம் வெற்று நிழல் விட்ட அகலப்படம், இன்ஸ்டாகிராமுக்கு 4:5 நெடும்படம், இரண்டையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் போன் பிரைட்னஸைப் பாதியாக்கிப் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் நிழலைக் கொஞ்சம் தூக்க வேண்டும். மேட் கார்டு மையை உறிஞ்சி இன்னும் இருண்டு வரும். அச்சுக்கென்று வெளிச்சம் கூட்டிய தனி ஃபைல் கொடுத்து, ஒரே ஒரு கார்டு அடித்துப் பார்த்த பிறகு மொத்த ஆர்டரைச் சொல்லுங்கள்.