கூலியும் செலவுதான்

தருமபுரிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குத் தொழில் பயிற்சி கொடுப்பது என் வேலை. 1989-ல் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கிய மாவட்டம் இது. சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம் எதையும் இங்குள்ள அக்காக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். முறுக்கு சுடவும்தான். ஆனாலும் பல பயிற்சிகள் சுடுவதில் ஆரம்பித்துச் சான்றிதழ், குரூப் போட்டோவோடு முடிந்துவிடுகின்றன.

தடுமாற்றம் வருவது விலையில். ஒரு குழுவின் சாமை முறுக்கு நன்றாகவே விற்றது, கையில்தான் எதுவும் தங்கவில்லை. எப்படி விலை வைத்தீர்கள் என்று கேட்டேன். "கடையில விக்கிறதைவிட அஞ்சு ரூபா கம்மி, மேடம்." சரி என்று மாவு, எண்ணெய், கேஸ், கவர், பஸ் செலவு என எழுத ஆரம்பித்தோம். கூலி என்ற வரி வந்ததும், "நம்ம வேலைக்கு நாமளே கூலி போடுறதா?" என்று சிரித்தார்கள். நூறு நாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தை அளவாக வைத்துப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விலையை ஏற்றினால் விற்காது என்று பயந்து, கடைசியில் எடையைக் குறைத்தார்கள். எனக்கு அதில் அரை மனதுதான். ஆனால் அவர்கள் தொழில், அவர்கள் முடிவு. புது எடையை லேபிளில் மாற்றியே ஆக வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

இன்னொன்று, பயிற்சிக்கு எப்போதும் வருவது தலைவியும் செயலாளரும்தான். அடுப்படியில் நிற்பவரும் பாக்கெட்டைச் சீல் வைப்பவரும் வருவதில்லை. சீல் சரியாக ஒட்டாமல் காற்று புகுந்தால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரமே காறிப்போகும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். இது கூட்டம் நடத்துபவரைவிடச் சீல் வைப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். அதனால் இப்போதெல்லாம் வகுப்பை அவர்கள் சுடும் இடத்திலேயே வைத்துக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு உண்டு. இருக்கட்டும்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் எனக்குப் பிடித்தது, இலவசப் பயிற்சியும் தங்குமிடமும் தருவதோடு விடாமல், 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் ஏற்பாடு. சந்தேகங்கள் எல்லாம் முதல் சரக்கு திரும்பி வந்த பிறகுதானே முளைக்கின்றன!

அந்த முறுக்குக் குழு அண்மையில் ஒரு மொத்த ஆர்டரை மறுத்துவிட்டது. கேட்ட விலைக்குக் கூலி கட்டாது என்று கணக்கு நோட்டை விரித்துக் காட்டியவர், சீல் வைக்கும் அக்கா.