டிடிஆர்4 மெமரி: 1 இலவசம், 0-க்குத்தான் செலவு

டிடிஆர்4 (கணினியின் ரேம் வகை) போர்டில் மெமரிக்கு ஆகும் மின்செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பலரும் முதலில் கிளாக்கில்தான் கை வைக்கிறார்கள். அதற்கு முன் டேட்டா லைனில் ஓடும் கரண்ட்டைப் பார்ப்பது நல்லது. வேகத்தைத் தொடாமலே அதில் மிச்சம் பிடிக்கலாம்.

டிடிஆர்3-ல் டெர்மினேஷன் (லைனின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்) பாதி வோல்டேஜில் இருந்தது. 1 போனாலும் 0 போனாலும் கரண்ட் ஓடும். டிடிஆர்4-ல் லைனை 1.2 வோல்ட்டோடு கட்டிவிட்டார்கள். 1 அனுப்பும்போது இரு முனையிலும் ஒரே வோல்டேஜ், டிசி கரண்ட் கிடையாது. 0 அனுப்பும்போதுதான் டிரைவர் லைனை கிரவுண்டுக்கு இழுக்கிறது. டிரைவர் 34 ஓம், எதிர்முனையில் ஓடிடி (சிப்புக்குள்ளேயே இருக்கும் டெர்மினேஷன்) 48 ஓம் என்றால் 1.2 ÷ 82, அதாவது 14.6 மில்லிஆம்பியர், 17.6 மில்லிவாட். இது ஒற்றை லைனின் கணக்கு. பஸ்ஸில் 64 லைன் இருக்கிறது.

ஆகவே முதலில் ஓடிடி. 60 ஓம் வைத்தால் 15.3 மில்லிவாட், 80-க்கு 12.6, 120-க்கு 9.4. ஆசையாக இருக்கும். ஆனால் 50 ஓம் டிரேஸில் (போர்டில் ஓடும் செப்புக் கோடு) 60 ஓம் ஓடிடி திருப்பி அனுப்பும் அலை 9 சதவீதம்தான்; 80-ல் 23, 120-ல் 41. சிப்பைப் போர்டிலேயே சால்டர் செய்த, ஒரே ரேங்க் (ஒன்றாக இயங்கும் சிப்புகளின் தொகுதி) உள்ள டிசைனில் 60 பெரும்பாலும் ஓடிவிடும். குறைந்த வேகத்தில் 80-ஐ முயன்று பார்க்கலாம். 120-ஐ அதிவேகத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று: ரைட்டுக்கான ஓடிடி மெமரிச் சிப்புக்குள், ரீட்டுக்கானது கன்ட்ரோலருக்குள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான்.

ஓடிடியை மாற்றிவிட்டு விரெஃப்பை (வந்தது 0-வா 1-ஆ என்று பிரிக்கும் ஒப்பீட்டு வோல்டேஜ்) அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு. 48 ஓமில் 0-வின் மட்டம் சுமார் 0.5 வோல்ட், கண்ணின் (0, 1 மட்டங்களுக்கு இடையே உள்ள திறப்பு) நடு 1.2 வோல்ட்டில் 70.7 சதவீதம். 60 ஓமில் 68.1, 80-ல் 64.9. பழைய மதிப்பு உறைந்து நின்றால் வாசல்கோடு தேவைக்கு மேல் உயர்ந்துவிடும். 1-இன் மார்ஜின் சுருங்கி, 1-ஐ 0 என்று படிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டிரெய்னிங்கை (கன்ட்ரோலர் நேரத்தையும் விரெஃப்பையும் சரிசெய்துகொள்ளும் வேலை) முழுதாக மறுபடி ஓட்டுங்கள், சூட்டிலும் குளிரிலும்.

அடுத்தது டிபிஐ, அதாவது டேட்டா பஸ் இன்வர்ஷன். ஒரு பைட்டில் ஐந்து அல்லது அதற்கு மேல் 0 இருந்தால் மொத்தத்தையும் தலைகீழாக்கி அனுப்பிவிட்டு, ஒன்பதாவது லைனை 0 ஆக்கி "திருப்பியிருக்கிறேன்" என்று சொல்லும். 256 பைட் மதிப்புகளையும் எண்ணிக் கூட்டினால் சராசரி 0-க்கள் 4-லிருந்து 3.27 ஆகின்றன, அதாவது 18 சதவீதம் குறைவு. எல்லாமே 0 ஆன பைட்டில் 8 லைனுக்குப் பதில் ஒரே லைன். மிக மோசமான நிலையில் 8 என்பது 4 ஆவதால் பவர் ரெயிலின் இரைச்சலும் அடங்கும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

மெமரிச் சிப்பின் செட்டிங்கை வைக்கும் எம்ஆர்5 ரெஜிஸ்டரில் ஏ12 பிட் ரீட் டிபிஐ, ஏ11 ரைட் டிபிஐ, ஏ10 டேட்டா மாஸ்க் (சில பைட்டுகளை எழுதாமல் தடுப்பது). இரண்டுக்கும் சிப்பின் கால் (பின்) ஒன்றேதான் என்பதால் ரைட் டிபிஐயும் மாஸ்க்கும் சேர்ந்து வராது. ஈசிசி (பிழை திருத்தம்) உள்ள சிஸ்டத்தில் பொதுவாக மாஸ்க் தேவைப்படாது, தாராளமாகப் போடலாம். ரீட் டிபிஐ போட்டால் வேகத்தைப் பொறுத்து கேஸ் லேட்டன்சி (படிக்கக் கேட்டதிலிருந்து டேட்டா வரும்வரை ஆகும் தாமதம்) 2 முதல் 4 கிளாக் கூடும். 4 பிட் அகலச் சிப்புகளில் டிபிஐயே இல்லை. கன்ட்ரோலரில் ரைட் டிபிஐ போட்டு மெமரியில் போடாமல் விட்டால் அறிகுறி வேடிக்கையானது: ஐந்துக்கு மேல் 0 உள்ள பைட்டுகளும், சரியாக ஐந்து உள்ளவையும் தலைகீழாகும், மற்றவை சுத்தமாக இருக்கும்.

அளப்பதற்கு 1.2 வோல்ட் ரெயிலில் 5 மில்லிஓம் ஷண்ட் (கரண்ட் அளக்கும் சிறு ரெசிஸ்டர்) போதும். டிபிஐயை அணைத்து, பிராசஸரின் கடைசிக் கேஷைவிடப் பல மடங்கு பெரிய இடத்தில் முதலில் எல்லாம் 0, பிறகு எல்லாம் 1 எழுதுங்கள். 64 லைனுக்கு 48 ஓமில் வித்தியாசம் 0.94 ஆம்பியரை பஸ் பிஸியாக இருக்கும் விகிதத்தால் பெருக்கியது. முழு வேகத்தில் ஷண்ட்டில் 4.7 மில்லிவோல்ட். வித்தியாசமே தெரியவில்லையா? கன்ட்ரோலரின் ஸ்க்ராம்ப்ளர் (டேட்டாவைக் கலைத்து அனுப்பும் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும், அணைத்துவிட்டுப் பாருங்கள். அது ஓடும்வரை நிஜ டேட்டாவில் குவிந்திருக்கும் 0-க்கள் கலைந்துவிடுவதால், டிபிஐயின் பலன் அந்த 18 சதவீதத்தோடு நின்றுவிடும்.

எல்பிடிடிஆர்4-க்கு (மொபைல்களுக்கான குறைமின் வகை) இதே கணக்கைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே டெர்மினேஷன் கிரவுண்டுக்கு. செலவு வைப்பது 1. டிடிஆர்5-ல் டெர்மினேஷன் டிடிஆர்4 போலத்தான், ஆனால் டிபிஐயை எடுத்துவிட்டார்கள். வோல்டேஜ் 1.1-க்கு இறங்கியது போக, கையில் மிஞ்சுவது ஓடிடியும் டிரைவர் ஓமும்தான்.